ராகு காலத்துக்கு முன் நான்கு சம்மதம்

செருப்பைக் கழற்ற வேண்டாம், போட்டுக்கொண்டே வாருங்கள். மூன்று தடவை பெருக்கிவிட்டேன், இருந்தாலும் கண்ணாடித் தூள் எங்கேயாவது கிடக்கும். சோபாவில் உட்காராதீர்கள், அதில்தான் அதிகம். இந்த ஸ்டூல் போதும். போனில் பெயர் என்ன சொன்னீர்கள்? வேதமுத்து. நாசரேத் பக்கமா? நினைத்தேன்.

வெளிக் கேட்டைப் பூட்டினேன் என்று பார்க்க வேண்டாம். தெருநாய் உள்ளே வந்துவிடுகிறது. சாவி என் பையில்தான் இருக்கிறது, வேலை முடிந்ததும் நானே திறந்துவிடுகிறேன்.

இதுதான் டிவி. ஐம்பத்தைந்து இஞ்ச். ஏன் சார் அப்படி முழிக்கிறீர்கள்? பேனல் போய்விட்டது என்று சொன்னேனே. போய்விட்டது என்றால் இந்த அளவுக்கு என்று நீங்கள் நினைக்கவில்லை. நடுவில் ஒரு குத்து, இந்த மூலையில் ஒரு குத்து. மற்றதெல்லாம் தானாக ஓடிய விரிசல். தேங்காய் உரிக்கிற பாரை இருக்கிறதே, அதுதான். அதோ கதவோரம் சாய்த்து வைத்திருக்கிறேன். ஆனால் பின்பக்கம் போர்டில் ஒரு கீறல் கிடையாது. சிவப்பு விளக்கு எரிகிறது பாருங்கள். முகம்தான் போயிருக்கிறது, மூளை உயிரோடு இருக்கிறது.

இதற்குப் பேனல் போடுவதற்குப் புதிதே வாங்கலாம் என்கிறீர்கள். தெரியும். புதியது எனக்கு எதற்கு? எனக்கு வேண்டியது இதற்குள் இருக்கிறது. என் மனைவியும் மகளும் பத்து நாளாக வீட்டில் இல்லை. எங்கே இருக்கிறார்கள் என்று இந்தப் பெட்டிக்குத் தெரியும். படம் பார்க்கிற ஆப்பில் மனைவி நம்பரில் மகள் திறந்த கணக்குதான் இதில் ஓடுகிறது. அவர்கள் எந்த ஊரில், எவன் வீட்டு டிவியில் உட்கார்ந்து என்ன பார்த்தாலும் இங்கே 'தொடர்ந்து பார்க்க' என்கிற வரிசையில் வந்து நிற்கும். 'உள்நுழைந்த சாதனங்கள்' என்று இன்னொரு பக்கம் இருக்கிறது. அதில் ஊர்ப் பெயரே போட்டிருக்கும். எனக்குப் பத்து நிமிஷம் படம் தெரிந்தால் போதும். அதற்குப் பிறகு மறுபடியும் உடைத்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும். ரீசெட் செய்துவிடாதீர்கள். செய்தால் கையை ஒடித்துவிடுவேன். சும்மா சொன்னேன் சார், சிரியுங்கள். ஸ்க்ரூவைக் கழற்றுங்கள், நான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

என்னைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். தோகாவில் பதினெட்டு வருஷம் ஒரு பெரிய மாலில் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவன் நான். சிவசைலம் என்று கேட்டால் அங்கே யாருக்கும் தெரியாது, 'கேமரா சிவா' என்றால் தெரியும். சுவர் முழுக்கத் திரை. நாற்பத்தெட்டு கேமரா. ஒருத்தன் திருடப் போகிறானா என்பதை அவன் தோளைப் பார்த்தே சொல்லிவிடுவேன். கை பிறகுதான் போகும், தோள் முதலில் பயப்படும். அந்த அறைக்குள் மட்டும் கேமரா கிடையாது. பார்க்கிறவனை யாரும் பார்க்கக் கூடாது. அதுதான் முறை.

அப்படி இருந்தவனை ஒரு டிவி பார்க்கலாமா? கேட்கிறேன்.

போன ஆனி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, இந்தச் சுவரில் மாட்டினார்கள். நான் நிரந்தரமாக ஊருக்கு வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மாட்டி முடிக்கும்போது மணி பத்து இருபது. பத்தரைக்கு ராகு காலம். உலகம்மை, என் மனைவி, சந்தனக் கிண்ணத்தோடு நின்று அரிக்கிறாள். "பத்தரைக்குள்ள போட்டிருங்க. ராகு காலத்துல போட்டா வீட்டுல சண்டையாத்தான் கெடக்கும்." போட்டேன். தமிழ் என்று அழுத்தினேன். படம் வருகிறதா? வரவில்லை. எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து ஒரு பக்கம் வருகிறது. கீழே இரண்டு கட்டம். ஒன்றில் 'சம்மதம்', இன்னொன்றில் 'இப்போது வேண்டாம்'. மணி பத்து இருபத்தாறு. சம்மதம். அடுத்த பக்கம். சம்மதம். இன்னொன்று. "என்னங்க, பஞ்சாங்கம் படிக்கிற மாரி படிச்சிக்கிட்டு நிக்கிய?" சம்மதம். சம்மதம். மொத்தம் நான்கு. பத்து இருபத்தெட்டுக்குப் படம் வந்துவிட்டது.

அழுத்தியது நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. அவசரப்படுத்தியது யார்?

அவள் சந்தனம் குங்குமம் வைத்தாள். சட்டத்தின் கீழே நடுவில் ஒரு பொடி ஓட்டை இருக்கிறதே, சரியாக அதன்மேல். அது மைக் என்று எங்களுக்கு என்ன தெரியும்? மூன்று வாரம் இந்த டிவி செவிடு. அப்புறம் மிருதுளா, என் மகள், பன்னிரண்டாம் வகுப்பு, "அப்பா, இது பேசினா கேக்கவே மாட்டேங்கு" என்று ஈரத் துணியால் பொட்டைத் துடைத்துவிட்டாள். அன்றைக்கு ஆரம்பித்தது.

தோகாவில் என்னோடு இருந்த ஒருவர் ஒரு கட்டுரை அனுப்பினார். இந்த மாதிரி டிவி சிலதில், ஓடுகிற படத்தைத் துண்டு துண்டாகப் பிடித்து வெளியே அனுப்புகிறதாம். நாம் என்ன பார்க்கிறோம், எப்போது எழுந்து போகிறோம், எல்லாம். அந்த நான்கு பக்கத்தில் நாம் அதற்குத்தான் தலையாட்டியிருக்கிறோம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது சார். அன்றைக்கே உட்கார்ந்து ஒவ்வொன்றாக அணைத்தேன். பார்வைத் தகவல், அணை. எனக்கேற்ற விளம்பரம், அணை. குரல், அணை. இது தகவல் அனுப்புகிற வழிகளை ரவுட்டரிலும் போய் அடைத்தேன். வீட்டில் யார் போன் எந்தப் பக்கத்துக்குப் போகிறது என்று அதில் ஒரு பட்டியல் வரும், உள்ளே என்ன தேடினார்கள் என்பது மட்டும் வராது. அதையும் தினமும் பார்த்துவிடுவேன். பாதுகாப்புக்கு. உள்ளே நான்கு கேமராவும் வைத்தேன். கூடம், அடுப்படி, பின்வாசல், மாடிப்படி.

காலையில் இட்லிக்கு முன்னால் இரண்டு பேருக்கும் வகுப்பு எடுப்பேன். நம்மைத் தேடுகிறவனுக்கு நாம் தடம் விட்டுப் போகக் கூடாது. போனில் இடம் காட்டுவதை அணை. படிக்காமல் எதற்கும் சம்மதம் கொடுக்காதே. ஓரிடத்தை விட்டுப் போகிறாய் என்றால் எல்லாச் சாதனத்திலிருந்தும் கணக்கை வெளியே எடுத்துவிட்டுப் போ. மிருதுளா நோட்டில் குறிப்பே எடுத்தாள். நல்ல பிள்ளை. உலகம்மை எதையும் வாய் திறந்து கேட்காதவள், அவள் கூடக் கேட்டாள். "போனை வீட்டுலயே வச்சிட்டுப் போனா நாம எங்க இருக்கோம்னு யாருக்கும் தெரியாதா?" தெரியாது என்றேன். "சிம் கார்ட மாத்திட்டா?" என்றாள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பதினெட்டு வருஷம் வெளியே இருந்தவன் பேச்சை வீட்டில் இப்படிக் காது கொடுத்துக் கேட்கிறார்களே என்று.

அந்தச் சட்டத்தை மெதுவாக, சார். போர்டில் கை படாமல்.

குரலை அணைத்தால் அணைத்ததுதானே? ஒரு நாள் நான் குளித்துவிட்டு வருகிறேன், மிருதுளா ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு டிவியிடமே கேட்கிறாள், "கோயம்புத்தூர் காலேஜ் ஹாஸ்டல்." மறுபடியும் அதைத் திறந்து வைத்திருக்கிறாள்! இத்தனை வகுப்பு எடுத்தும். ஒரே ஒரு அடி. கன்னத்தில்தான் கொடுத்தேன், அவள் தலையைத் திருப்பியதால் காதில் பட்டுவிட்டது. ஸ்டூலோடு போய் சுவரில் விழுந்தாள். இந்த ஸ்டூல்தான். ஒரு வாரம் யார் கூப்பிட்டாலும் வலது பக்கமாகத் திரும்பினாள். சவ்வு கிழிந்திருக்கிறது என்று டாக்டர் ஏதோ சொன்னார். அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

இப்போது கேளுங்கள், வேடிக்கையை. இரண்டு நாள் கழித்து இந்த டிவியில் ஒரு விளம்பரம். காது கேட்கும் கருவி! ஒரு தாத்தா பேரன் குரலைக் கேட்டு அழுகிறார். இந்த வீட்டில் செவிடு யார்? யாருமில்லை. அதற்கு அடுத்த வாரம், கன்றிப்போன இடத்தை மறைக்கிற கிரீம். ஒருத்தி கன்னத்தில் தடவிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்துச் சிரிக்கிறாள். இங்கே யாருக்குக் காயம்? "இந்தப் பெட்டி பொய் சொல்லுது பாத்தியா?" என்றேன். உலகம்மை முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, "வெளம்பரந்தானங்க, விடுங்க" என்றாள். அப்புறம் பெட்டி. துணி வைக்கிற பெட்டி, சக்கரம் வைத்தது. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை. யாரும் எங்கேயும் போகாத வீட்டுக்கு எதற்குப் பெட்டி? அடுத்தது, வேலை பார்க்கும் பெண்களுக்குத் தங்கும் விடுதி. ஒவ்வொன்றுக்கும் அவள் அதையேதான் சொல்வாள். "வெளம்பரந்தானங்க."

எல்லாம் அணைத்திருக்கிறேன், எல்லாம் அடைத்திருக்கிறேன், எப்படி வருகிறது? வாங்கின கடைக்கே போனேன். அங்கே கண்ணாடி போட்ட ஒரு ஆள், என் வயசுதான் இருக்கும், சிரித்துக்கொண்டே சொல்கிறான். "அண்ணாச்சி, வெளம்பரம் சும்மா வராது. ஒரே வைஃபைதான? டிவில நீங்க தேடலன்னாலும் வீட்டுல யாரு போன்ல எதத் தேடினாலும் இதுக்கு வாசம் வந்துரும். வீட்டுல கேட்டுப் பாருங்க, யாரோ தேடியிருப்பாவ."

என் வீட்டில் இருக்கிறவர்களைப் பற்றி என்னிடமே. நடுக் கடையில். நான் அவன் சட்டையைத்தான் பிடித்தேன் சார். முகம் அவனாகப் போய் அங்கே ஓடிய நாற்பத்துமூன்று இஞ்ச் டிவியில் மோதிக்கொண்டது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. அந்த டிவியில் அருவி ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர்மேல் அவன் ரத்தம் வழிந்து இறங்கியது, அருவி பாட்டுக்கு விழுந்துகொண்டே இருந்தது. பல் இரண்டு தரையில் கிடந்தது. கண்ணாடி எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. ஸ்டேஷனில் சமாதானமாக எழுதிக் கொடுத்து முடித்தோம். அங்கேயும் எழுதினார்கள் பாருங்கள், 'இரு தரப்பும் சம்மதம்' என்று.

உலகம்மை ரத்தக் கறையைப் பார்த்தாள். என் சட்டையை வாளியில் போட்டு அலசினாள். அவள் தோளைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மாலில் இருந்திருந்தால் தோன்றியிருக்கும்.

கொண்டுவந்த பேனல் பொருந்துகிறதா? நல்லது. அந்த ரிப்பன் வயரைச் செருகுங்கள். ஸ்க்ரூவை மறுபடியும் கீழே போட்டுவிட்டீர்களே? காலையில் சாப்பிடவில்லையா?

அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லிவிடுகிறேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் இதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். நடுவில் விளம்பரம். இசை கிடையாது, ஆட்டம் கிடையாது. ஒரு பெண் இப்படி நேரே பார்த்துக் கேட்கிறாள். "அக்கா, உங்க வீட்டுல நீங்க பாதுகாப்பா இருக்கீங்களா? பயப்படாம எங்களக் கூப்பிடுங்க." ஒரு நம்பர்.

என் வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டு, என் கரண்டில் எரிந்துகொண்டு, என் பெண்டாட்டியைக் கேட்கிறது! நான் உலகம்மையைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்வாசலுக்குப் போய் பாரையை எடுத்து வந்தேன். அவள் எழுந்து குறுக்கே வந்துவிட்டாள். மிருதுளா டிவிக்குக் கீழேயே தரையில் உட்கார்ந்திருந்தாள், கண்ணாடி அவள்மேல் கொட்டும் என்று பயம் போல. "பிள்ள இருக்கா, பிள்ள இருக்கா" என்று இரண்டு கையையும் நீட்டிப் பாரையைப் பிடிக்கப் பார்க்கிறாள். ஓங்கின இரும்பு, நிறுத்தினால் நிற்குமா? இரண்டு சத்தம் வந்தது. ஒன்று கண்ணாடி. ஒன்று அவள் மணிக்கட்டு. முதல் குத்து அதுதான், இந்த நடுவில் இருப்பது. இரண்டாவது குத்து அதற்குப் பிறகு.

நான் அடித்தது டிவியை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப் போனேன். கட்டுப் போடுகிற டாக்டர் எப்படி என்று கேட்டார். "படியில வழுக்கிட்டேன்" என்றாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை சார், சத்தியமாக. அவளாகவே சொன்னாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வீட்டு விஷயத்தை வெளியே விடாமல் எப்படி நடந்துகொள்கிறாள் பாருங்கள் என்று.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு மாத்திரை வாங்கப் போனேன். முக்கால் மணி நேரம். திரும்பி வந்தால் இரண்டு பேரும் இல்லை. சாப்பாட்டு மேஜையில் இரண்டு போனும் பக்கத்தில் பக்கத்தில், அணைத்து, குப்புற வைத்திருந்தது. கேமராவை ஓட்டிப் பார்த்தேன். ஒன்றிலும் இல்லை. அடுப்படி கேமராவுக்கும் பின்வாசல் கேமராவுக்கும் நடுவில் இரண்டடி இடம் எதிலும் விழாது. அதை மாட்டும்போது நானே மிருதுளாவை நிற்க வைத்துக் காட்டியிருக்கிறேன். "இங்க நின்னா நீ இந்த வீட்லயே இல்ல பாத்துக்கோ" என்று.

அம்பாசமுத்திரத்தில் அவள் தம்பி வீட்டுக்குப் போனேன். "அத்தான், எங்க இருக்காவன்னு எனக்கே தெரியாது. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன். அக்கா கைய நான் பாத்தேன்" என்றான். எப்போது பார்த்தான், எங்கே பார்த்தான்? அதைக் கேட்டதும் கதவைச் சாத்தப் பார்த்தான். சாத்தின கதவில் அவன் விரல் மாட்டிக்கொண்டது, நான் அந்தப் பக்கமிருந்து தோளைக் கொடுத்துச் சாய்ந்தேன். எலும்புச் சத்தம் எனக்கு இப்போது பழகிவிட்டது, தனியாகத் தெரிந்துவிடுகிறது. அப்போதும் சொல்லவில்லை. அதனால்தான் இந்தப் பெட்டியிடம் வந்திருக்கிறேன். இது நம்மைப் பற்றி எல்லாருக்கும் சொல்கிறதே, எனக்கும் ஒரு தடவை சொல்லட்டும்.

வந்துவிட்டதா? ஆகா. வெளிச்சம் வந்துவிட்டது. கெட்டிக்காரர் சார் நீங்கள். நகருங்கள், ரிமோட்டை என்னிடம் கொடுங்கள்.

நெட் கேட்கிறது. போன வாரம் கடவுச் சொல்லை மாற்றினேன், நானே போடுகிறேன், நீங்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள். ரவுட்டரில் அடைத்ததையெல்லாம் காலையிலேயே திறந்துவிட்டேன். ம்... 'விதிமுறைகள் மாறியுள்ளன, மறுபடியும் ஒப்புக்கொள்ளவும்.' அதே எறும்பு எழுத்து. இதை யார் படிப்பது? சம்மதம். சம்மதம். மணி என்ன சார்? பத்து ஐம்பதா? இன்றைக்கு வெள்ளி இல்லையா? ராகு காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடட்டும். சம்மதம். சம்மதம்.

இதோ அவள் கணக்கு. அழுத்துகிறேன்.

இது என்ன? 'நீங்கள் வெளியேற்றப்பட்டுள்ளீர்கள்.' என்ன அர்த்தம்? ரீசெட் செய்துவிட்டாயா? நான் அவ்வளவு சொல்லியும்? உண்மையைச் சொல், பின்னால் எதையோ அழுத்தினாய், நான் பார்த்தேன். கீழே படிக்கவா? என்ன இருக்கிறது கீழே? 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும்படி கணக்கின் உரிமையாளர் கேட்டுக்கொண்டார். செவ்வாய், காலை 9.12.'

செவ்வாய். ஒன்பது பன்னிரண்டு. நான் மருந்துக் கடையில் நின்றுகொண்டிருந்தேன்.

மிருதுளா. குறிப்பு எடுத்தாளே.

என்ன சார்? கையா? ஓ, உங்கள் கையைப் பிடித்திருக்கிறேனா? கவனிக்கவில்லை. விட்டுவிட்டேன். தேய்த்துக்கொள்ளுங்கள், ஒன்றும் ஆகாது, சிவந்துதான் இருக்கிறது. கோபமெல்லாம் இல்லை. வேறு வழி இருக்கிறது. அவள் தம்பிக்கு இன்னொரு கை இருக்கிறது. இப்படியே விடுகிற ஆள் இல்லை நான். உட்காருங்கள், காபி போடுகிறேன்.

ஏன் சார் திரையையே பார்க்கிறீர்கள்? அதுவா? ஆரம்பித்துவிட்டது பாருங்கள், நெட் வந்த ஒரு நிமிஷத்தில். கறிக்கடைக்காரர்கள் வைத்திருக்கிற கத்தி. 'எலும்பையும் எளிதாக வெட்டும்.' அடுத்தது என்ன, அதேதான், இன்னும் நீளமாக. சிரிப்புத்தான் வருகிறது. நாங்கள் சுத்த சைவம் சார், இந்த வீட்டுக்குள் முட்டை கூட வந்தது கிடையாது. இப்போது இந்த வைஃபையில் இருக்கிற போன் ஒன்றே ஒன்றுதான், அதுவும் என் பையில் இருக்கிறது. பிறகு யார் போய் இதைத் தேடுவார்கள்?

சாவியா? தருகிறேன், என்ன அவசரம்? உட்காருங்கள். உட்காருங்கள் என்கிறேன். வெறும் விளம்பரம்தான் சார் அது.